டம்ளருக்குக் கோபம்

கிட்ட வாருங்கள் மக்களே, இன்னும் கொஞ்சம் கிட்ட. காற்று வருகிற பக்கம் பிள்ளைகளை விடுங்கள். எனக்கு வேர்த்தால் பாதகமில்லை. கையில் வேலை இருக்கிறவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம், காது சும்மாதானே இருக்கிறது. இன்றைக்கு ஒரு டம்ளர் கோபித்துக்கொண்ட கதையைச் சொல்லப் போகிறேன். நடுவில் ஓரிடத்தில் வயிற்றைப் பிசையும். அங்கே எழுந்து போய்விடாதீர்கள். கரை சேர்க்காமல் உங்களை விடமாட்டேன்.

இது இனிமேல் நடக்கப் போகிற கதை. இன்று தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகளுக்கு மீசை நரைக்கும் காலம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பாளையங்கோட்டை அப்போதும் பாளையங்கோட்டையாகத்தான் இருக்கும். வெயில் குறையாது. வீடுகள் மாடிக்கு மேல் மாடியாக ஏறியிருக்கும். ரயில் உயரமான தூண்களின் மேல் பூனை மாதிரி சத்தமில்லாமல் போகும். விசில் அடிக்கிற வழக்கத்தையே அது விட்டிருக்கும். அடுப்புகளும் அப்படித்தான், ஊமையாகிவிட்டிருக்கும். ஒரே ஒரு வீட்டில் மட்டும், மூன்றாவது மாடி கதீஜா வீட்டில், பழைய பிரஷர் குக்கர் ஒன்று இருந்தது. "விசில் வராத சோறு எனக்கு எறங்காது" என்பாள் கதீஜா.

அவளுக்கு நேர் மேலே நான்காவது மாடியில் தங்கபுஷ்பம் இருந்தாள். ஊருக்கெல்லாம் புஷ்பம். வீட்டுக்காரர் ஜெயசிங், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மைதானத்தில் அவர் கண்டிப்பு ஊரறிந்தது. கோட்டின் மேல் ஒரு பிள்ளையின் கட்டைவிரல் பட்டால் போதும், விசில் அடித்துவிடுவார். அதே மனிதர் வீட்டுக்கு வந்தால் ஆடுவதெல்லாம் அழுகுணி ஆட்டம். கேரம் காயைச் சட்டைக் கையால் தள்ளுவார், தாயக்கட்டையை உருட்டாமல் வைப்பார். புஷ்பம் கையும் களவுமாகப் பிடித்தால் முகத்தை அப்பாவியாக மேலே தூக்கி, "ஃபேன்ல தூசி இருக்கு பாத்தியா" என்பார். அவள் அண்ணாந்து பார்க்கிற நேரத்தில் இன்னொரு காய் குழிக்குள் போயிருக்கும்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே சரிந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. உயிர் தங்கியது. கை, கால், நாக்கு, கண்ணின் அசைவு ஒன்றும் தங்கவில்லை. கண் திறந்திருக்கும், எதைப் பார்க்கிறது என்று சொல்ல முடியாது. ஊட்டினால் விழுங்குவார். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து இசக்கி என்ற பெண் வந்து அவர் தலையில் மெல்லிய வலை ஒன்றை மாட்டினாள். அதற்கு நாத்துணை என்று பெயர்.

"சார் ஒரு சொல்லை நெனைச்சாப் போதும் பெரியம்மா" என்றாள் இசக்கி. "மூளையில ஒரு சின்ன அசைவு வரும்லா, இது அதைப் பிடிச்சு, தொண்டைல ஒட்டியிருக்கே இந்தப் பொட்டு ஸ்பீக்கர், அதுல பேசிரும். சார் கொரல்லயே."

"அசைவு வரலன்னா?"

"பாதி வந்தாலும் போதும். சார் வழக்கமா என்ன சொல்லுவாங்களோ, மிச்சத்தை அதை வச்சு ஊகிச்சுக்கிடும். நீங்க குடுத்த வீடியோ, வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் கேட்டுப் படிச்சிருக்குல்லா."

காதுக்குப் பின்னால் கடுகளவு மஞ்சள் விளக்கு ஒன்று இருந்தது. சொல்ல வேண்டிய வாக்கியம் தயாரானால் அது எரியும், சொல்லி முடித்ததும் அணைந்துவிடும். அன்றைக்கு அது எரிந்து, "புஷ்பம், காப்பி போட்டியா?" என்று ஜெயசிங்கின் குரல் கேட்டபோது புஷ்பம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காப்பி போட அடுப்படிக்குப் போனவள் அங்கேயே அழுது தீர்த்துவிட்டுத்தான் வந்தாள்.

ஒரு வருசம் நன்றாகவே போனது. காலையில் செய்தி கேட்பார், கீரை விலையைப் பற்றிக் குறைபடுவார், கதீஜாவை நலம் விசாரிப்பார். பார்க்க வந்தவர்கள் எல்லாம், "நீ குடுத்துவச்சவ புஷ்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிறகு புஷ்பத்தின் அக்கா காலமானாள். துட்டி கேட்க வந்த கூட்டத்தின் நடுவில் ஜெயசிங்கின் குரல் ஆறுதல் சொன்னது. "அழாத புஷ்பம். ஆண்டவர் எடுத்துக்கிட்டா அதுல ஒரு கணக்கு இருக்கும். நாம இருக்கோம்லா." நடுவில் ஒரு செருமல்கூட வந்தது. வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நாலைந்து நாள் கழித்து, அக்காவின் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டுப் புஷ்பம் பழைய வீடியோ ஒன்றைப் போட்டாள். அவள் அப்பா அடக்கத்தன்று எடுத்தது. அதில் ஜெயசிங் நின்றுகொண்டு அதே வார்த்தைகளைச் சொன்னார். அதே இடத்தில் செருமினார்.

படுத்துக் கிடக்கிற இவரால் செரும முடியாதே என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அன்றிலிருந்து அவளுக்கு வீடு வீடாக இல்லை. இந்தக் கட்டிலில் கிடப்பது அவரா, அவர் பேச்சைப் பாடம் பண்ணின வலையா? ஒன்று மாற்றி ஒன்றாகக் கேட்டுப் பார்த்தாள். நமக்குக் கல்யாணத்தன்று மழை பெய்ததா என்றாள். சரியாகப் பதில் வந்தது. முதல் சண்டை எதற்கு என்றாள், அதுவும் வந்தது. புதிதாக எதையாவது கேட்டால் அதற்கும் நியாயமாக ஒரு பதில் வந்தது.

இசக்கியைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"எந்தக் கேள்விக்கும் பொருத்தமா ஒரு பதில் இருக்கும்லா பெரியம்மா. அந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடிக்கதுதான் இதுக்கு வேலை. கேள்வி கேட்டு ஆளைக் கண்டுபிடிக்க முடியாது."

"அப்ப எதை வச்சுக் கண்டுபிடிக்க?"

"எனக்குத் தெரியல. தெரிஞ்சா மறைப்பனா உங்ககிட்ட?"

இன்னொன்றும் நடந்தது. ஒரு மத்தியானம் புஷ்பம் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, "ஏங்க, உள்ள இருக்கீயளா?" என்று கேட்டுவிட்டாள். மஞ்சள் விளக்கு எரிந்தது. பேச்சு வரவில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, பேச்சு வரவே இல்லை. ஒன்றுக்கும் உதவாத கீரை விலைக்கெல்லாம் மூச்சு விடாமல் பேசுகிற வலை, அவள் உயிரைக் கொடுத்துக் கேட்ட ஒன்றுக்கு வாயை மூடிக்கொண்டது. தாங்க முடியாமல் அவளே வேறெதையோ பேசிப் பேச்சை மாற்றினாள். அதற்கு முன்னும் பின்னும் இப்படிச் சில தடவை நடந்தது.

"நடுநடுவுல பேச்சு நின்னுபோகுது இசக்கி. ஒரு எட்டு வந்து பாரு" என்றாள் போனில்.

இசக்கி வந்து பார்த்தாள். ஒயர் தொடர்பு விட்டு விட்டு வருகிறது போல என்றாள். கையில் இருந்த தொடுதிரைப் பலகையில் எதையோ தட்டி, இடைவெளி விழாதபடி ஊகத்தை இன்னும் இறுக்கிவைத்துவிட்டுப் போனாள். அதன்பிறகு பேச்சு நிற்பது அபூர்வமாகிவிட்டது.

அந்தக் காலத்தில் இதற்கென்று ஒரு சட்டம் இருந்தது. ஆள் இல்லாத உடம்பில் குரலை மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பது சட்டம். அதில் ஒரு நியாயமும் இருந்தது, இறந்தவர் வாயை வைத்துச் சொத்துக்குச் சம்மதம் வாங்கினவர்கள் எல்லாம் உண்டு. அதனால் வருசத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் சோதிப்பார்கள். ஜெயசிங்கைச் சோதித்தார்கள். சொந்த அசைவு எதுவும் காணவில்லை, வருவதெல்லாம் ஊகம்தான் என்று முடிவு வந்தது. வருகிற திங்கட்கிழமை வலையைக் கழற்றிவிட வேண்டும்.

மகள் ஹெப்சிபா சென்னையில் கடல்நீரைக் குடிநீராக்குகிற ஆலையில் இருந்தாள். போனில் பேசினாள்.

"கழட்டட்டும்மா. அது அப்பா இல்ல. அப்பா சட்டையைப் போட்டுக்கிட்டு வேற யாரோ உக்காந்திருக்க மாதிரி இருக்கு. சாப்டீங்களாப்பான்னு கேட்டா, நான் காலேஜ் படிக்கும்போது சொன்ன பதில் வருது."

"உள்ள இருந்தாகன்னா?" என்றாள் புஷ்பம். "கழட்டிட்டா ஒரு சத்தம் வெளிய வராதே ஹெப்சி. உயிரோட கெணத்துக்குள்ள எறக்கி மூடிபோட்ட மாதிரில்லா ஆயிரும்."

"இல்லன்னா? போன மனுசன் வாயில நாம பேச்சு வச்சுக்கிட்டு இருக்கோமேம்மா. அது மட்டும் நல்லாவா இருக்கு?"

இரண்டுமே உண்மை. அதனால் இரண்டு பேரும் அழுதார்கள். திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லி ஹெப்சி போனை வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் புஷ்பம் ஒரு முடிவுக்கு வந்தாள். இனி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அவரோ, வலையோ, யாராக இருந்தால் என்ன, இன்னும் சில நாள்தான். இருக்கிற மத்தியானங்களைக் கேள்வி கேட்டுக் கெடுப்பானேன்?

கரண்டியால் காப்பியை ஊட்டிவிட்டு டம்ளரைக் கவிழ்த்து மேஜை மேல் வைத்தாள். அவருடைய டம்ளர்தான். ஒரு பக்கம் நெளிந்திருக்கும். கேரமில் தோற்ற கடுப்பில் அவரே ஒருநாள் தட்டிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சின்னப் பிள்ளை மாதிரி அது நெளிசலைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு இருந்தது. புஷ்பத்துக்கு என்ன தோன்றியதோ.

"என்ன, கோவமா?" என்றாள் டம்ளரைப் பார்த்து.

சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. வெகுநாள் கழித்து வந்த சிரிப்பு. வந்ததை விட மனசில்லாமல் கட்டிலின் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, டம்ளருக்குக் கோபம். சமாதானம் பண்ணணும். ஆளுக்கு ஒரு பொய் சொல்லி அதைப் புகழணும். நல்ல பொய்யா இருக்கணும், ஆமா. நான் மொதல்ல. டம்ளரு, டம்ளரு, ஒன்ன மாதிரி ஒரு அழகு இந்தத் திருநெல்வேலிச் சீமையிலயே கெடையாது."

"எவர்சில்வர் நல்லா உழைக்கும் புஷ்பம். புளி போட்டுத் தேய்ச்சு வையி" என்றது ஜெயசிங்கின் குரல், தங்குதடையில்லாமல்.

"இதுல பொய் எங்க இருக்கு? தோத்தீய." கொடியில் கிடந்த துணிக் கிளிப் ஒன்றை எடுத்து அவர் பனியன் கழுத்தில் மாட்டினாள்.

அந்த நேரம் கீழே கதீஜாவின் குக்கர் விசில் அடித்தது. புஷ்பம் சட்டென்று உதட்டில் விரலை வைத்தாள்.

"டம்ளரு தூங்கிட்டு. அடுத்த விசில் வார வரைக்கும் யாரும் பேசப்பிடாது. பேசினா முழிச்சிரும். முழிச்சா அவங்களுக்குத்தான் கிளிப்பு."

அந்த நிமிசத்தில் முளைத்த சட்டம் அது. எதற்கு என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அவள் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். வலை விட்டுவைக்காது, எச்சில் முழுங்குகிற நேரத்துக்குள், "என்ன புஷ்பம், சத்தத்தையே காணோம்?" என்று ஆரம்பித்துவிடும் என்று கையில் கிளிப்பைத் தயாராக வைத்திருந்தாள்.

மஞ்சள் விளக்கு எரிந்தது. பேச்சு வரவில்லை. ஜன்னல் வழியாகத் தூணின் மேல் ஒரு ரயில் வழுக்கிக்கொண்டு போனது. கதீஜா யாரையோ வைதாள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் குக்கர் மறுபடி கத்தியது. விளக்கு ஒன்றும் சொல்லாமலேயே அணைந்தது. பிறகு, கல்லில் தகரத்தை இழுக்கிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"நெ... ளி... மூஞ்சி."

டம்ளரைத்தான் சொன்னார். புகழச் சொன்னால் வைகிறார். மிஷின் பழுதாகிப் போச்சு போல என்று நினைத்துப் புஷ்பம் வயிறு குலுங்கச் சிரித்தாள். கேள்வி கேட்பதை விட்டுவிட்டவள் இல்லையா, இதைப் பற்றியும் அவளுக்கு ஒரு கேள்வி எழவில்லை. அதுதான் வேடிக்கை.

மறுநாளும் ஆடினார்கள். அதற்கு மறுநாளும். ஆட்டம் வளர்ந்தது. காக்கா கத்தினால் ஆட்டம் பின்பக்கமாகப் போகும். யாராவது வாசலில் மணி அடித்தால் கிளிப்புகளை மாற்றிக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது, டம்ளர் கோயிலுக்குப் போய்விடும். இதில் ஜெயிப்பதால் ஒரு லாபமும் இல்லை. தோற்றால் கிளிப், ஜெயித்தால் ஒன்றுமில்லை. புஷ்பம் காலையிலேயே வேலைகளை முடித்துவிட்டுக் கதீஜா சோறு வைக்கிற நேரத்துக்குக் காத்திருக்க ஆரம்பித்தாள். "இன்னைக்கு ரெண்டு தடவை குக்கர் வையேன்" என்று படியில் நின்று கேட்டாள். கதீஜா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சரி, கடலையும் அவிக்கிறேன் என்றாள்.

ஒவ்வொரு விசிலுக்குப் பிறகும் வந்த சொல் அந்தத் தகரக் குரலில்தான் வந்தது. "கலெக்டர்... டம்ளரு." இன்னொரு தடவை, "இது... பாடும்." மற்ற நேரமெல்லாம் வலை பழையபடி வழவழவென்று பேசியது. போனில் ஹெப்சியிடம், "நல்லா பொழுது போகுதுளா. நானும் அப்பாவும் டம்ளரைச் சமாதானம் பண்ணுதோம்" என்றாள் புஷ்பம். அம்மாவுக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்று ஹெப்சி நினைத்திருப்பாள், பாவம்.

திங்கட்கிழமை வந்தது. ஹெப்சி வந்தாள். பின்னாலேயே கழற்றுகிற சாமான் பெட்டியோடு இசக்கி வந்தாள். அவள் முகம் செத்திருந்தது.

"ஹெப்சி, வந்துட்டியாம்மா? பஸ்ல உக்கார எடம் கெடச்சுதா?" என்றது ஜெயசிங்கின் குரல்.

அந்த ஊருக்குப் பஸ் நின்று எவ்வளவோ காலமாயிற்று. ஹெப்சி அம்மாவைப் பார்த்தாள். "பாத்தியாம்மா" என்றாள் மெதுவாக.

இசக்கி பெட்டியைத் திறந்தாள். புஷ்பம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு ஆட்டம் இசக்கி. நேத்து ஞாயித்துக்கிழமை, ஆடல."

"இப்பவாம்மா ஆட்டம்?" என்றாள் ஹெப்சி.

"இப்பத்தான். அதுக்கப்புறம் யாருகூட ஆட?"

அதற்கு யாரால் மறுப்புச் சொல்ல முடியும்? மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். புஷ்பம் டம்ளரைக் கவிழ்த்துவைத்துச் சட்டதிட்டங்களைச் சொன்னாள். இசக்கி சங்கடத்தோடு, "டம்ளரு, ஒன்ன எங்க வீட்டுல பொண்ணு கேட்டு வரச் சொன்னாக" என்றாள். நல்ல பொய் என்று புஷ்பம் தலையாட்டினாள். ஹெப்சியின் முறை வந்தது. அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஒண்ணும் நெளியல" என்றாள். சொல்லிவிட்டு நெளிசலை விரலால் தடவினாள்.

கீழே விசில் அடித்தது.

நான்கு பேரும் அடங்கினார்கள். பழக்க தோசம், இசக்கியின் கண் அவர் காதோரம் போனது. விளக்கு எரிகிறது. பேச்சு வரவில்லை. வந்திருக்க வேண்டுமே. தான்தானே இடைவெளி விழாதபடி இறுக்கிவைத்தாள். பையிலிருந்து பலகையை எடுத்துப் பார்த்தாள். பார்த்தவள் எழுந்தேவிட்டாள். வாயைத் திறந்தாள். புஷ்பம் கிளிப்பைத் தூக்கிக் காட்டி முறைத்தாள். படித்த பெண், ஆஸ்பத்திரி உத்தியோகம், என்ன செய்வதென்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு பலகையை ஹெப்சியின் பக்கம் திருப்பி விரலால் காட்டினாள். ஹெப்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை; ஆனால் இசக்கி பலகையை விட்டுக் கண்ணை எடுக்காததைப் பார்த்து அவளும் அப்பாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். கதீஜாவின் குக்கர் அன்றைக்கென்று அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது.

ஒருவழியாக விசில் வந்தது. விளக்கு அணைந்தது.

"அப்பாடி. இனிப் பேசலாம்" என்றாள் புஷ்பம்.

"தோத்... தே" என்றது தகரக் குரல்.

"நானா? எப்படித் தோத்தேன்? விசில் வந்துட்டுல்லா."

விளக்கு எரிந்தது, அடங்கியது. எரிந்தது, அடங்கியது.

"அது... ரயிலு."

இசக்கி ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"எந்த ரயிலு இங்க விசில் அடிக்கு?" என்றாள் புஷ்பம். "அடிச்சு எத்தன வருசமாச்சு? அழுகுணி ஆட்டம், சுத்த அழுகுணி ஆட்டம். இத நான் ஒத்துக்கிட மாட்டேன்."

"ஃபேன்ல..." என்றது குரல். நடுவில் நின்றது. "தூசி."

ஹெப்சி அண்ணாந்து பார்த்தாள். சின்ன வயதிலிருந்து ஏமாந்த பழக்கம். பார்த்துவிட்டு அப்படியே கட்டிலின் விளிம்பில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"பெரியம்மா" என்றாள் இசக்கி. "இனிப் பேசலாம்லா?"

"பேசு."

"அந்த ரெண்டு விசிலுக்கு நடுவுல வலை ஒவ்வொரு வாக்கியமா எடுத்து நீட்டிக்கிட்டே இருந்துச்சு. சொல்லட்டா, சொல்லட்டான்னு. வந்ததையெல்லாம் உள்ள இருந்து அமுக்கிட்டாங்க."

"யாரு அமுக்குனா?"

"வேற யாரு இருக்கா? பேசுறதுக்கு ஆள் வேண்டாம் பெரியம்மா, அதுவே பேசிரும். பேசாம இருக்கதுக்குத்தான் ஆள் வேணும்."

ஹெப்சி தலையைத் தூக்கினாள். "அப்ப ஆஸ்பத்திரில ஏன் தெரியல?"

"கேள்வி கேட்டோம், பதில் சொல்லுதாங்களான்னு பாத்தோம். சார் கஷ்டப்பட்டு ஒரு சொல்லைத் தேடிப் பிடிக்கதுக்குள்ள இது முந்திக்கிட்டு நாலு சொல்லிரும். அவங்க சொல்லு உள்ளயே செத்துரும். இங்க அம்மா என்ன செஞ்சிருக்காங்க? வலையை அமுக்கிப் பிடிக்க சாருக்கு ஒரு காரணம் குடுத்திருக்காங்க. அடுத்த விசில் வரைக்கும் காத்திருக்காங்க. அந்த நேரத்துல சாருக்குச் சொந்தமா ஒரு சொல்லு கெடச்சிருது. ஊகம் கலக்காத சொல்லு, அதான் தகரம் மாதிரி வருது."

"நான் ஒண்ணும் செய்யல" என்றாள் புஷ்பம். "சும்மா வெளையாடுனேன்."

"பேச முடியாதவங்களுக்குன்னு செஞ்ச சாமான் இது. பேசாம இருக்க ஒருத்தங்க ஆசைப்படுவாங்கன்னு எங்க யாருக்குமே தோணல. பேச்சு நின்னா ஒயர் விட்டுப்போச்சுன்னே நெனைச்சோம்."

புஷ்பத்தின் கையிலிருந்த கிளிப் கீழே விழுந்தது.

"இசக்கி, ஒருநாள் கேட்டேன். உள்ள இருக்கீயளான்னு. வெளக்கு எரிஞ்சுது. பேச்சு வரல."

இசக்கி பலகையைக் கீழே வைத்தாள். இருக்கேன் புஷ்பம் என்று சொல்ல வலைக்கு எவ்வளவு நேரமாகும்? அவர் குரலில், அவர் செருமலோடு, அழகாகச் சொல்லியிருக்கும். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் தனக்காக இன்னொன்று பதில் சொல்லக் கூடாது என்று அவர் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். அவள் இன்னும் கொஞ்சம் காத்திருந்தால் அவரே சொல்லியிருப்பாரோ என்னவோ. அவள் பயந்துபோய்ப் பேச்சை மாற்றினாள்.

"நான் அதுக்கு என்ன செஞ்சேன்? பேச்சு நின்னுபோகுதுன்னு ஒனக்குப் போன் போட்டேன்."

"நான் வந்து இன்னும் இறுக்கிட்டுப் போனேன்" என்றாள் இசக்கி.

அவர் பேச்சை அவரிடமிருந்து பறித்தது வலை மட்டும் இல்லை, அவர் மேல் உயிரை வைத்திருந்தவர்களும்தான். அதை நினைத்து இரண்டு பேரும் குன்றிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. பொறுமை இழந்த சத்தம்.

"புஷ்... பம்."

"இந்தா இருக்கேன். சொல்லுங்க."

அவள் காத்திருந்தாள். கதீஜாவின் குக்கர் இன்னொரு தடவை அடித்து ஓய்ந்தது. அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

"கிளிப்பு" என்றார் ஜெயசிங். "ஒனக்கு."

புஷ்பம் கீழே கிடந்த கிளிப்பை எடுத்தாள். ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னவள், மறுபேச்சுப் பேசாமல் தன் காது மடலில் அதை மாட்டிக்கொண்டாள். வலித்தது. அவ்வளவு நன்றாக இருந்தது.

இசக்கி பெட்டியை மூடினாள். வலையைக் கழற்றவில்லை, அதன் ஊகத்தை மட்டும் கழற்றினாள். இனி அவராகத் தள்ளினால்தான் சொல் வெளியே வரும். ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி சோதிக்கப் பெரிய டாக்டர்கள் வந்தார்கள். எப்படிச் சோதிப்பது என்று கேட்டார்கள். புஷ்பம் டம்ளரைக் கவிழ்த்துவைத்தாள். அவர்களில் ஒருவர், டம்ளரைப் புகழ்வதற்குப் பதிலாக நோயைப் பற்றிப் பேச ஆரம்பித்ததால், வெள்ளைக் கோட்டில் கிளிப்புகளோடுதான் திரும்பிப் போனார். மாடிப்படி இறங்கும்வரை அதைக் கழற்ற அவருக்கு நினைவில்லை. பிறகு மற்ற வீடுகளிலும், இதே வலை மாட்டிக்கொண்டு பளபளவென்று பேசிக்கொண்டிருந்தவர்களின் வீடுகளிலும், இசக்கி டம்ளரும் கிளிப்புமாகப் போய் உட்கார்ந்தாள். சில வீடுகளில் சத்தமே அடங்கிப்போனது. அங்கே உண்மையிலேயே யாரும் இல்லை. அந்த வீட்டுக்காரர்கள் அழுது முடித்தார்கள். சில வீடுகளில் அடங்கின சத்தத்துக்குள்ளிருந்து யாரோ ஒருவர் மெல்ல எழுந்து வந்தார்.

இப்போது ஜெயசிங் அதிகம் பேசுவதில்லை. ஒரு நாளைக்கு ரெண்டு சொல், மூன்று சொல். கீரை விலை, செய்தி, நலம் விசாரிப்பு எல்லாம் போயிற்று. வந்தவர்கள், "முன்ன நல்லா பேசிக்கிட்டு இருந்தாரே" என்று பரிதாபப்படுவார்கள். புஷ்பம் சிரித்துக்கொள்வாள். ஹெப்சி போனில், "சாப்டீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவி முடிப்பாள், தலை பின்னி முடிப்பாள். பிறகு பதில் வரும். "உப்பு... கம்மி." அதைக் கேட்டு அவளுக்கு வருகிற சந்தோசம் இருக்கிறதே, அதற்காகவே புஷ்பம் சில நாள் உப்பைக் குறைத்துப் போட்டதும் உண்டு.

சாயங்காலம் வரைக்கும் ஒரு சொல்லும் வராத நாட்களும் இருக்கும். அவள் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவருக்குப் பேச இஷ்டமில்லை, அவ்வளவுதானே. உள்ளே ஒருத்தர் இருந்தால்தானே இஷ்டமில்லாமல் இருக்க முடியும்.

முடிந்தது மக்களே. வயிற்றைப் பிசைந்த இடத்தில் எழுந்து போகாமல் இருந்தீர்களே, நல்ல பிள்ளைகள். வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டு அடுப்பில் வேளைக்கு விசில் கேட்கட்டும். உங்கள் வீட்டில் பேசாமல் இருக்கிறவர்களுக்குப் பக்கத்தில் காத்திருக்க ஒரு ஆள் இருக்கட்டும். டம்ளருக்குத் தவிர வேறு யாருக்கும் அங்கே கோபம் தங்காமல் இருக்கட்டும். அழுகுணி ஆட்டம் ஆடுகிறவர் ஒருவராவது உங்கள் கூரைக்குக் கீழே நெடுங்காலம் சுகமாக இருக்கட்டும்.